ஒரே ஓடுபாதை, வேறு வேறு பதக்கங்கள்

பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில், விமானத் தளத்துக்குப் போகும் சாலையோரம் என் மாமா ஒரு தையற்கடை வைத்திருந்தார். பள்ளிச் சீருடை, மாப்பிள்ளைச் சட்டை, திரைச்சீலை என்று எது வந்தாலும் தைப்பார். ஆனால் தூரத்திலிருந்தும் ஆட்கள் அந்தக் கடையைத் தேடி வந்தது மெடல் கட்டுவதற்காக. தளத்தில் வேலை பார்த்த ஆஸ்திரேலியர்கள் வருவார்கள், நம் ஆகாயப்படைக்காரர்கள் வருவார்கள், எப்போதாவது ஒரு நியூசிலாந்துக்காரரும் வருவார். ரிப்பனின் அகலம் 32 மில்லிமீட்டர். கெட்டி அட்டையின் மேல் ரிப்பனைச் சுற்றி, பதக்கங்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடாதபடி வரிசையாகத் தைத்துக் கொடுப்பார். தைத்து மூடுவதற்கு முன்னால் அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதுவார். அது என்னவென்று அப்போது நான் கேட்கவில்லை.

கேட்டது வேறு ஒன்று. என் அப்பா தியுடிஎம்மில், அதாவது அரச மலேசிய ஆகாயப்படையில், நூரி ஹெலிகாப்டர்களைப் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். அவருக்கு மூன்று மெடல்தான். கடைக்கு வந்த ஓர் ஆஸ்திரேலியருக்கு ஆறு இருந்தது. "மாமா, அப்ப அவருதான் பெரிய வீரரா?" என்று கேட்டேன். மாமா ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "இந்த மெடலு வீரத்த எண்ணாதுடா. எங்க இருந்த, எத்தன நாள் இருந்த, அத மட்டுந்தான் எண்ணும்."

சேவைப் பதக்கங்களைப் பற்றி அதற்குப் பிறகு நான் படித்தது நிறைய. மாமா சொன்னதைவிடச் சரியான விளக்கம் எங்கும் கிடைக்கவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பதக்கம் என்றாலே வீரப் பதக்கம் என்று நினைப்பவர்கள் அதிகம். வீரத்துக்கென்று தனி விருதுகள் இருக்கின்றன. நம் நாட்டில் 1960-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ பாஹ்லாவான் காகா பெர்காசா, விருது வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. வீரத்துக்கான அடுத்த விருது பங்லிமா காகா பெரானி. இவை ஒருவர் ஒரு நாளில், ஒரு நிமிடத்தில் செய்த ஒரு செயலுக்காகக் கிடைப்பவை. அப்புறம் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காகப் பணியாற்றியதற்கான பதக்கங்கள் உண்டு. நாட்டின் பெரிய நிகழ்வுகளை நினைவுகூரும் பதக்கங்கள் உண்டு: மாமன்னர் ஒருவர் அரியணை ஏறும்போது வரும் பிங்காட் பெர்தாபாலான், மலேசியா உருவானதற்காக வந்த பிங்காட் பெரிங்காத்தான் மலேசியா. இவை போக மீதியிருப்பதுதான் சேவைப் பதக்கம். ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட இடத்தில், இத்தனை நாள் சீருடையில் இருந்தவர்களுக்கு அது போகும். சமையற்காரருக்கும் விமானிக்கும் ஒரே பதக்கம்தான்.

எளிமையான கணக்கு. ஆனால் அந்தக் காலத்தையும் இடத்தையும் யாரோ ஒருவர் கோடு போட்டுத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. கோடு எங்கே விழுகிறதோ அங்கே ஒருவர் உள்ளே இருப்பார், அவருடைய நண்பர் வெளியே இருப்பார்.

மலாயாவின் அவசரகாலத்தை, அதாவது கம்யூனிஸ்டுப் போராளிகளோடு நடந்த போரை, எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் பொதுச் சேவைப் பதக்கம் ஊதா ரிப்பனில் நடுவே பச்சைக் கோடு போட்டது. அந்த ரிப்பனின் குறுக்கே ஒரு சின்ன உலோகப் பட்டை இருக்கும். கிளாஸ்ப் என்பார்கள். எந்தப் போருக்கான பதக்கம் என்று சொல்வது அந்தப் பட்டைதான். 'மலாயா' என்று எழுதிய பட்டைக்குரிய காலம் 1948 ஜூன் 16 முதல் 1960 ஜூலை 31 வரை. அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் முடிந்ததுமான நாட்கள் இவை. சிங்கப்பூரில் இருந்தவர்களுக்கு மட்டும் கோடு 1959 ஜனவரி 31-இலேயே முடிந்துவிட்டது. ஒரே போர், இரண்டு முடிவு நாட்கள்.

பிறகு இந்தோனேசியாவுடன் கொன்ஃபிரொண்டாசி என்ற மோதல் வந்தது. 1964 ஆகஸ்ட் 17-இல் ஜொகூரின் பொந்தியான் கடற்கரையில் இந்தோனேசியப் படையினர் இறங்கினார்கள். பிரிட்டனின் புதிய பொதுச் சேவைப் பதக்கத்தில் 'மலாய் தீபகற்பம்' என்ற பட்டைக்குரிய காலம் சரியாக அந்த நாளில் தொடங்கி, சமாதானம் வந்த 1966 ஆகஸ்ட் 11-இல் முடிகிறது. போர்னியோவுக்கு வேறு பட்டை. அதன் காலம் 1962 டிசம்பரிலேயே தொடங்கிவிடுகிறது.

இப்போது இரண்டு கோடுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1960 ஜூலை 31-இல் ஒன்று முடிகிறது. 1964 ஆகஸ்ட் 17-இல் இன்னொன்று தொடங்குகிறது. நடுவில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் வெறுமை. அந்த நான்கு ஆண்டுகளில் தாய்லாந்து எல்லையில் துப்பாக்கிகள் ஓய்ந்துவிட்டனவா என்றால், இல்லை. மிஞ்சியிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகள் எல்லைக்கு அப்பால் பெத்தோங் பக்கம் ஒதுங்கியிருந்தார்கள். காட்டுக்குள் ரோந்து நடந்துகொண்டுதான் இருந்தது. சட்டப்படி அவசரகாலம் முடிந்துவிட்டதால் பதக்கமும் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்த இடைவெளியை அடைத்த நாடுகளில் ஒன்று நியூசிலாந்து. என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்துவிட்டதும் அந்த நாடுதான்.

1960-இல் நியூசிலாந்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 24 லட்சம். அன்றைய மலாயா கூட்டரசில் அதைவிட இரண்டரை மடங்குக்கும் அதிகமான மக்கள் இருந்தார்கள். அந்தச் சின்ன நாட்டின் ஆகாயப்படை அவசரகாலத்தின்போது நம் வானத்தில் பறந்தது. 1955 முதல் அதன் 14-ஆம் ஸ்குவாட்ரன், அதாவது விமானப் பிரிவு, சிங்கப்பூரின் தெங்கா தளத்திலிருந்து வெனம் போர்விமானங்களை ஓட்டியது. 1958-இல் அதன் இடத்துக்கு 75-ஆம் ஸ்குவாட்ரன் கான்பெரா குண்டுவீச்சு விமானங்களோடு வந்தது. 41-ஆம் ஸ்குவாட்ரனின் பிரிஸ்டல் ஃபிரெய்ட்டர்கள் சாங்கியிலிருந்து சரக்கு சுமந்தன. வயிறு பெருத்த, இரண்டு எஞ்சின் விமானங்கள் அவை. பார்க்க அழகில்லை. ஆனால் காட்டுக்குள் இருந்தவர்களுக்கு அரிசியும் மருந்தும் மேலேயிருந்துதான் வந்தாக வேண்டும், அந்த வேலையைச் செய்தவை அந்த மாதிரி விமானங்கள்தான்.

அந்தக் காலத்து நியூசிலாந்துக்காரர்களுக்கு இந்தச் சேவைக்கென்று தங்கள் நாட்டுப் பதக்கம் எதுவும் கிடையாது. பிரிட்டனின் பதக்கத்தைத்தான் வாங்கிக்கொண்டார்கள். லண்டனில் போட்ட கோடுதான் அவர்களுக்கும் கோடு. தனக்கென்று ஒரு பொதுச் சேவைப் பதக்கத்தை நியூசிலாந்து 1992-இல் நிறுவியது. போர்ப் பணிக்கு வெள்ளி நிறம், அமைதிப் பணிக்கு வெண்கல நிறம் என்று இரண்டு வகை. அதில் ஒரு பட்டையின் பெயர் 'மலாயா 1960–64'. அதற்குரிய காலம் 1960 ஆகஸ்ட் 1 முதல் 1964 ஆகஸ்ட் 16 வரை. பழைய கோடு முடிந்த மறுநாளிலிருந்து புதிய கோடு தொடங்குவதற்கு முந்தைய நாள் வரை, ஒரு நாள்கூட விடவில்லை. ஆஸ்திரேலியாவும் பின்னாளில் 'தாய்–மலாய்' என்ற பட்டையைத் தன் பதக்கத்தில் சேர்த்துக்கொண்டது.

அந்த நியூசிலாந்துப் பட்டையோடு ஒருவர் மாமா கடைக்கு வந்தார். எழுபது வயதிருக்கும். பினாங்கைப் பார்க்க மனைவியோடு வந்தவர், பழைய ஞாபகத்தில் பட்டர்வொர்த் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறார். புதுப் பதக்கத்தைப் பழைய வரிசைக்குள் சேர்த்துத் தைக்க வேண்டும் என்றார். அதற்குப் பழைய தையல் முழுவதையும் பிரிக்க வேண்டும். மாமா பிரித்துக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். அந்த நான்கு வருஷம் தான் எங்கே இருந்தோம் என்பதை இப்போதுதான் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பொருள் வீடு வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்வது மாதிரி சொன்னார்.

ஆகாயப்படைக்கு இந்தக் கோட்டுப் பிரச்சினை தரைப்படையைவிடச் சிக்கலானது. காலாட்படை வீரர் எங்கே நிற்கிறாரோ அங்கேதான் அவருக்கு ஆபத்து. விமானம் அப்படியில்லை. பாதுகாப்பான ஓர் ஊரில் டீ குடித்துவிட்டுக் கிளம்பி, அரை மணி நேரத்தில் துப்பாக்கிக்கு மேலே பறந்து, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும். அப்படியானால் அந்த விமானத்தில் குண்டைப் பொருத்தியவர், எண்ணெய் நிரப்பியவர், எஞ்சினைத் திறந்து மூடியவர் எல்லாரும் போர்க்களத்தில் இருந்தவர்களா, இல்லையா?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் இதற்குச் சொன்ன பதில், பறந்தவர்கள் வேறு, தரையில் இருந்தவர்கள் வேறு என்பது. 1939–45 நட்சத்திரப் பதக்கத்துக்குப் பொதுவாக ஆறு மாதச் சேவை வேண்டும், விமானத்தில் பறந்தவர்களுக்கு இரண்டு மாதம் போதும். ஐரோப்பாவின் மேல் பறந்தவர்களுக்கென்றே தனியாக ஒரு நட்சத்திரம் இருந்தது. குண்டுவீச்சுப் படைப்பிரிவுக்கென்று 2013-இல், போர் முடிந்து ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழித்து, ஒரு பட்டை கொடுத்தார்கள். அதுவும் பறந்தவர்களுக்கு மட்டும். குளிரில் விறைத்த விரலோடு இரவு முழுவதும் குண்டு ஏற்றியவர்களுக்கு அது இல்லை.

நான் ஒரு டெக்னீஷியனின் பிள்ளை. இதில் நடுநிலையாகப் பேச என்னால் முடியாது. பறந்தவர்கள் செத்த எண்ணிக்கை அதிகம் என்பது உண்மை, அவர்களுக்குத் தனி மரியாதை வேண்டும் என்பதும் சரி. ஆனால் தரையில் நின்றவரைக் கோட்டுக்கு வெளியே விடுவதற்கு அது காரணமாகாது. ஒரு நூரி மேலே எழும்பி, கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, திரும்பி வரும் சத்தம் கேட்கும் வரை என் அப்பா ஹேங்கர் வாசலை விட்டு நகர மாட்டார். அவர் முறுக்கிய ஒரு போல்ட்டு சரியாக இருக்கிறதா என்பதை அந்தச் சத்தம்தான் சொல்லும்.

சரி, நம் படைக்கு வருவோம். அது 1958 ஜூனில் பிறந்தது. அன்று அதன் பெயர் மலாயா கூட்டரசு அரச ஆகாயப்படை. 'மலேசிய' என்ற சொல் 1963 செப்டம்பர் 16-க்குப் பிறகுதான் வந்தது. முதல் விமானம் ஒரு துவின் பயனியர். துங்கு அப்துல் ரஹ்மான் அதற்கு லாங் ராஜாவாலி என்று பெயர் வைத்தார். சில நூறு மீட்டர் சமதரை இருந்தால் இறங்கிவிடக்கூடிய விமானம் அது. காட்டுக்குள் ஒராங் அஸ்லி எனும் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கு அருகே அமைத்த கோட்டைகளுக்கு ஆளும் பொருளும் கொண்டுபோக வேறு எதுவும் அவ்வளவு உதவியிருக்காது. முதல் தளபதி பிரிட்டிஷ் ஆகாயப்படையிலிருந்து வந்த ஜான்ஸ்டன், பிரிட்டன் வான்போரில் ஒரு ஸ்குவாட்ரனை நடத்தியவர். ஆகாயப்படைக்கு உள்நாட்டுத் தளபதி 1967-இல் கிடைத்தார், சுலைமான் சுஜாக். அதே ஆண்டில் கடற்படைக்கும் முதல் மலேசியத் தளபதி வந்தார். அவர் நம்மவர், கே. தனபாலசிங்கம். அப்போது அவருக்கு வயது 31. எங்கள் வீட்டில் அவர் படம் போட்ட பத்திரிகைத் துண்டு ஒன்று ரொம்ப நாள் இருந்தது.

பிறந்தபோது போர்விமானம் எதுவும் இல்லாத படை இது. முதல் ஜெட்டு, கனடாவிலிருந்து வாங்கிய தெபுவான், 1967-இல்தான் வந்தது. பிறகு ஆஸ்திரேலியா தன் பழைய சேபர் விமானங்களை அன்பளிப்பாகக் கொடுத்தது. சொந்தமாக வாங்கிய எஃப்-5 விமானங்கள் 1975-இல் வந்தன. அதனால் இந்தப் படையின் வரலாற்றில் பெரும்பகுதி சரக்கும் ஆளும் சுமந்த வரலாறு. பாரசூட்டில் அரிசி போடுவது, காயம்பட்டவரைத் தூக்கி வருவது, வெள்ளத்தில் கூரைமேல் நிற்பவரை மீட்பது. 2013 மார்ச்சில் சபாவின் லஹாட் டத்துவில், ஊடுருவியவர்கள் மேல் எஃப்/ஏ-18, ஹாக் விமானங்கள் குண்டு போட்டன. ஜெட்டுப் போர்விமானங்களை இந்த நாடு சண்டைக்கு அனுப்பியது அரிதாகத்தான்.

ஒரு சின்ன நாட்டு விமானப்படைக்காரரின் நெஞ்சில் பெரிய போர்களின் பெயர்கள் இல்லாததற்குக் காரணம் இதுதான். அங்கே இருப்பவை பொதுச் சேவைப் பதக்கம், மாமன்னர் முடிசூட்டுப் பதக்கம், ஆண்டுகள் நிறைந்ததற்கான பதக்கம், ஐ.நா. பணிக்குப் போயிருந்தால் நீல ரிப்பனில் ஒன்று. மலாயா சுதந்திரம் பெற்று மூன்றே ஆண்டுகளில், 1960-இல், கொங்கோவுக்கு ஐ.நா. கொடியின் கீழ் படை அனுப்பியது. பின்னர் சோமாலியா, போஸ்னியா. ஐ.நா. பதக்கத்துக்குப் பெரும்பாலான பணிகளில் 90 நாள் கணக்கு. அங்கேயும் நாளும் இடமும்தான்.

இனி பிங்காட் ஜாசா மலேசியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் அரசாங்கம் தன்னைக் காக்க வந்த அயல்நாட்டவர்களுக்குக் கொடுத்த பதக்கம் இது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து முன்னாள் வீரர்களுக்கு 2005 வாக்கில் இதை வழங்கத் தொடங்கினார்கள். இதன் கோட்டைக் கவனியுங்கள். இதற்குரிய காலம் தொடங்குவது 1957 ஆகஸ்ட் 31-இல். மலேசிய மண்ணில் முடிவது 1966 டிசம்பர் 31. சிங்கப்பூரில் சேவை செய்தவர்களுக்கு முடிவு 1965 ஆகஸ்ட் 9. மெர்டேக்கா நாளில், அதாவது சுதந்திர நாளில் தொடங்கி, சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்த நாளில் அதை விடுகிறது. 1948 முதல் 1957 வரையிலான ஒன்பது ஆண்டுப் போர் இந்தக் கோட்டுக்குள் வரவே இல்லை. கொடுக்கும் நாடு அப்போது பிறந்திருக்கவில்லையே! பிரிட்டன் போட்ட கோடு சட்டத்தின் கோடு. நியூசிலாந்து பின்னால் திருத்திப் போட்டது, ஆட்கள் உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதன் கோடு. நாம் போட்டது பிறப்புச் சான்றிதழின் கோடு.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இந்தப் பதக்கத்தை வாங்கவும் அணியவும் அனுமதித்தன. பிரிட்டன் 2006-இல் ஒரு விசித்திரமான முடிவை அறிவித்தது: வாங்கிக்கொள்ளலாம், அணியக் கூடாது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பழைய நிகழ்வுக்கு அயல்நாட்டுப் பதக்கம் ஏற்பதில்லை என்பது ஒரு விதி. பிரிட்டிஷ் பதக்கம் ஏற்கெனவே கிடைத்த சேவைக்கு இரண்டாவது பதக்கம் கூடாது என்பது இன்னொரு விதி. காட்டுக்குள் அட்டை கடித்த தழும்போடு எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் போய், இதைப் பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள் என்று சொன்னால் எப்படி இருக்கும்? 2007-இல் நம் மெர்டேக்கா பொன்விழாவுக்கு வந்தவர்கள் மலேசியாவில் மட்டும், அந்தச் சில நாட்களுக்கு மட்டும் அணியலாம் என்று தளர்த்தினார்கள். ஓயாமல் எழுதியும் கேட்டும் அந்தக் கிழவர்கள் 2011 இறுதியில் நிரந்தர அனுமதி வாங்கினார்கள். அதற்குள் பலர் இறந்துபோயிருந்தார்கள். அணிய அனுமதி கிடைத்தவர்களின் வரிசையிலும் நம் பதக்கம் கடைசியில்தான் வரும், அயல்நாட்டு விருதுக்கு அதுதான் இடம். மாமாவுக்கு இதில் வருத்தமே இல்லை. கடைசி மெடல்தான் தோள் பக்கம் வரும், கை ஆடும்போது முதலில் மினுங்குவது அதுதான் என்பார்.

இவ்வளவும் சொன்ன பிறகு பட்டர்வொர்த்துக்கே திரும்ப வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எனக்கு மிகவும் வலிக்கிற கோடு அந்த ஓடுபாதையின் மேல்தான் போகிறது.

அந்தத் தளம் 1941-இல் திறக்கப்பட்டது. ஜப்பானியர் கைக்குப் போய்த் திரும்பி வந்தது. 1958-இல் ஆஸ்திரேலிய ஆகாயப்படை அதை எடுத்துக்கொண்டு முப்பது ஆண்டுகள் நடத்தியது. 1988-இல் நம்மிடம் ஒப்படைத்தது. அந்த முப்பது ஆண்டுகளில் அவர்களுடைய குடும்பங்கள் பலவும் கடலுக்கு அப்பால் பினாங்குத் தீவில் குடியிருந்தன. என் பாட்டி தஞ்சோங் பூங்காவில் அப்படி ஒரு வீட்டில் ஆயாவாக இருந்தார். நம் ஆட்கள் தளத்துக்குள் தோட்டக்காரராக, கிடங்குக் கணக்கராக, சமையற்காரராக வேலை செய்தார்கள். சீருடை போடாதவர்களைப் பதக்கத்தின் கோடு பார்ப்பதே இல்லை.

1968-இல் கம்யூனிஸ்டுகளின் இரண்டாவது கிளர்ச்சி தொடங்கியது. ஹாட்யாய் ஒப்பந்தம் கையெழுத்தான 1989 டிசம்பர் 2 வரை அது நீடித்தது. தளத்தைக் காவல் காக்க ஆஸ்திரேலியா 1970 முதல் ஒரு காலாட்படைக் கம்பெனியைச் சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்றி மாற்றி அனுப்பியது. ரைஃபிள் கம்பெனி பட்டர்வொர்த் என்று பெயர். அந்த ஆட்கள் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு வேலியோரம் ரோந்து போனார்கள். அவர்களுடைய அரசாங்கம் அதை அமைதிக்காலச் சேவை என்றே வகைப்படுத்தி, தென்கிழக்காசியா என்ற பட்டையோடு பொதுவான சேவைப் பதக்கத்தைக் கொடுத்தது. அதைப் போர்ப்பணியாக ஏற்க வேண்டும் என்று அவர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட விசாரணைகள் நடந்துவிட்டன. அவர்கள் கேட்பது ரிப்பனின் நிறத்தை மட்டும் பற்றியதில்லை. அந்த நாட்டில் முன்னாள் வீரருக்குரிய உதவித்தொகையும் மருத்துவச் சலுகையும் சேவை எந்த வகை என்பதைப் பொறுத்தே அமைகின்றன.

அதே வேலிக்குள், அதே ஆண்டுகளில், அதே ஓடுபாதையின் இன்னொரு ஓரத்தில் எங்கள் அப்பாவின் 3-ஆம் ஸ்குவாட்ரன் இருந்தது. அவர்களுடைய நூரிகள் எல்லைக் காட்டுக்குப் படையினரைக் கொண்டுபோயின, காயம்பட்டவர்களையும் இறந்தவர்களையும் கொண்டுவந்தன. 1976 ஏப்ரலில் கெடாவின் கூபிர் பகுதியில் ஒரு நூரி சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்தவர்கள் உயிர் தப்பவில்லை. அப்பாவுக்கு அது போர் என்பதில் ஒரு சந்தேகமும் இருந்ததில்லை. வாசலில் காவல் நின்ற ஆஸ்திரேலிய இளைஞனுக்கு அவனுடைய நாட்டுக் கோப்பில் அது போர் கிடையாது. இரண்டு பேரும் ஒரே சைரனைக் கேட்டு எழுந்தவர்கள்.

அதிகாரிகளுக்கு ஓர் அளவுகோல் தேவை என்பது எனக்குப் புரிகிறது. கோடே இல்லாமல் எல்லாருக்கும் கொடுத்தால் பதக்கத்துக்கு மதிப்பு இருக்காது. ஆனால் கோடு போடும்போது சட்ட அறிவிப்பின் தேதியை மட்டும் பார்த்தால் போதாது. அங்கே நின்றவர் என்ன ஆணையோடு நின்றார், என்ன வரலாம் என்று எதிர்பார்த்து நின்றார் என்பதையும் பார்க்க வேண்டும். சின்ன நாடுகள் இதைச் சீக்கிரம் புரிந்துகொள்வதாக எனக்குத் தோன்றுகிறது. ஆட்கள் குறைவு, ஒவ்வொருவரையும் யாருக்காவது தெரிந்திருக்கும். நியூசிலாந்து 2011-இல் இன்னொரு படி போய், 1945 செப்டம்பர் முதல் மூன்று ஆண்டு படையில் இருந்த எவருக்கும் ஒரு பாதுகாப்புச் சேவைப் பதக்கம் என்று அறிவித்தது. எங்கே என்ற கேள்வியையே எடுத்துவிட்டார்கள்.

நம் நாட்டிலும் முன்னாள் வீரர்களுக்கென்று பிங்காட் ஜாசா பாஹ்லாவான் நெகாரா வந்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் விண்ணப்பம் போட்டால்தான் வரும், விண்ணப்பம் போடப் பழைய ஆவணம் வேண்டும். அப்பாவின் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது, பழைய சேவைப் புத்தகத்தில் இருந்த பிரிவின் பெயரும் படிவத்தில் எழுதியதும் ஒத்துப்போகவில்லை என்று. மூன்றாவது முறை போவதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

வீட்டில் பழைய மெடல் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிரிட்டிஷ் பொதுச் சேவைப் பதக்கம் என்றால் விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள், படை எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். உங்கள் தாத்தா எந்தப் பிரிவு என்பது அதில் கிடைக்கும். பிங்காட் ஜாசா மலேசியா போன்றவற்றில் பெயர் இருக்காது, பெட்டி மாறினால் யாருடையது என்றே தெரியாது. பளபளப்பாக்குகிறேன் என்று பிராஸ்ஸோ போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்துத்தான் அழியும். ரிப்பன் மங்கியிருந்தாலும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த ஊர், எந்த வருஷம் என்று உயிரோடு இருப்பவரிடம் கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.

சென்ற நவம்பரில், பாடாங் கோத்தா லாமா போர் நினைவுத் தூணுக்கு அப்பாவின் மெடல்களை அணிந்து போக என் தங்கை ஆசைப்பட்டாள். இறந்தவரின் பதக்கத்தைக் குடும்பத்தினர் வலது பக்கம் அணிவது காமன்வெல்த் நாடுகளில் வழக்கம். ரிப்பன் நைந்திருந்தது. மாமா கடை மூடிப் பல வருஷமாகிவிட்டது, நானே பிரித்தேன். அட்டையின் உள்பக்கத்தில் மாமாவின் பென்சில் எழுத்து இருந்தது. அப்பாவின் பெயர், படை எண், நூரி, 3-ஆம் ஸ்குவாட்ரன், 1971–1992. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் மூன்று ஊர்ப் பெயர்கள்: கிரிக், பாலிங், கூபிர். கடைசிப் பெயருக்குப் பக்கத்தில், 'ரெண்டு ராத்திரி வீட்டுக்கு வரல.'